அத்தான் கண்டுபிடித்த ஜாதி நாய்

அன்று காலை அக்கா வீட்டு வாசலில் இருந்தவர்கள்: அக்கா. அவள் கணவர், அதாவது என் அத்தான். கால்நடை டாக்டரம்மா. டாக்டரம்மாவின் வண்டியை ஓட்டி, நாயையும் பிடிக்கிற ஆள். இரண்டு வேலைக்கு ஒரு சம்பளம் என்பது முகத்திலேயே தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த மாவு மில்காரர், டீக்கடைக்காரி, பால் வண்டி டிரைவர். நூல் ஆலையில் நைட் ஷிப்டைப் பாதியில் உதறிவிட்டு வந்து, இரவிலும் தூங்காமல் பகலிலும் தூங்காமல் அக்கா வீட்டுச் சோற்றைக் காலி செய்துகொண்டிருந்த நான். தூணில் கட்டிய ஒரு பெட்டை நாய்.

மழை விட்டதும் மூன்று நாய்கள் சேர்ந்தாற்போல் ஊருக்குள் வந்திருந்தன. இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஊர் நாய்கள் கொஞ்ச நாள் குரைத்துப் பார்த்து, தொண்டை நொந்து விட்டுவிட்டன. அத்தான் விடவில்லை. அவர் லாரி ஓட்ட வருமுன், நாய்ப் பைத்தியம் பிடித்த ஒரு பணக்காரரிடம் கார் ஓட்டியவர். முதலாளியின் நாய்கள் பின்சீட்டில் உட்கார்ந்து வரும்; இவர் கண்ணாடியில் அவற்றைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். நாய் சாஸ்திரத்தில் அவர் படிப்பு அவ்வளவுதான். கழுத்துக்கு மேலே நல்ல ஞானம், கழுத்துக்குக் கீழே எல்லாம் ஊகம். ஊரில் அவருக்கு ‘வம்சம்’ என்றே பெயர்.

முதல் நாயைப் பார்த்து போலீஸ் நாய்ப் பரம்பரை என்றார். இரண்டாவது பனிமலையில் வண்டி இழுக்கிற ஜாதியாம். அது நாள் முழுக்கச் சாக்கடையில் படுத்துக் கிடந்தது. மூன்றாவதுதான் இந்தப் பெட்டை. இதைப் பார்த்ததும் அத்தானுக்குக் குரல் தாழ்ந்துவிட்டது. வால் ஒட்ட நறுக்கியிருந்தது. முதுகில் சேணம் வைத்தது போல ஓரிடத்தில் மட்டும் முடி இல்லை. முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. ராஜ நடை என்றார். வாயில் நுழையாத ஒரு சீமைப் பெயரையும் சொன்னார். மறுநாள் அது அவர் வாயிலேயே நுழையவில்லை, வேறு பெயர் சொன்னார்.

அக்காவுக்கு அதன் ஜாதி பற்றிக் கவலையில்லை. வீடு ஊரின் கடைசி; அதற்கப்புறம் சோளக்காடுதான். அத்தான் லாரியோடு போய்விட்டால் வர நாளாகும். தலைமாட்டில் அரிவாள் வைத்துக்கொண்டு, சருகு அசைந்தாலும் எழுந்து உட்காருகிறவள் அவள். அந்தப் பெட்டை நாய் வாசற்படியில் படுக்க ஆரம்பித்த பிறகு தூங்கினாள். அதைக் கொஞ்சியதில்லை, பெயர்கூட வைக்கவில்லை. தூங்கினாள், அவ்வளவுதான். நான் ஒருத்தன் இருக்கிறேனே என்று கேட்டேன். “நீயும் இருக்க” என்றாள்.

இந்த நேரத்தில்தான் அத்தான் கால்நடை ஆபீசுக்குப் போன் செய்து, அபூர்வ ஜாதி நாய் வந்திருக்கிறது, வந்து பார்த்து உறுதி செய்யுங்கள் என்று அழைத்துவிட்டார். டாக்டரம்மா வந்து இறங்கிய பிறகுதான் சட்டம் தெரிந்தது. தெரு நாய் என்றால் ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் சின்னதாக வெட்டி, அங்கேயே விட்டுவிடுவார்கள். சீமை ஜாதி என்றால் யாரோ வளர்த்துத் துரத்திய நாய். டவுன் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள், திரும்பி வராது.

அக்கா அத்தானைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். அக்கா வீட்டுச் சுவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது.

“ஏங்க, தெரு நாய்னு சொல்லிடுங்க.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“இன்னிக்குத்தான் புதுசா சொல்லப் போறீங்களா?”

“கொண்டுபோறாங்களா, போகட்டும். என்ன ஜாதின்னு சொல்லிட்டுக் கொண்டுபோகட்டும்.”

வெளியே போலீஸ் பரம்பரையும் பனிமலைப் பரம்பரையும் சட்டென்று முடிந்துவிட்டன. இரண்டும் சுத்தமான தெரு நாய்கள் என்று சொல்லி, ஊசி குத்தி விரட்டிவிட்டார் டாக்டரம்மா. பெட்டையிடம் வந்ததும் நிதானித்தார். பல்லைப் பார்த்தார், வால் அடியைத் தடவினார். அத்தான் பக்கத்தில் நின்று வாலையும் சேணத்தையும் நடையையும் விளக்கிக்கொண்டிருந்தார். கடைசியில், பார்த்ததை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. கலப்பாகவும் இருக்கலாம். இந்த ஊரில் பிறந்தது என்று யாராவது சாட்சி சொன்னால் விட்டுவிட்டுப் போவதாகவும், இல்லாவிட்டால் வண்டியில் ஏற்றத்தான் வேண்டும் என்றும் சொன்னார்.

வாழ்நாளில் பறவைகளைக் கவனித்திராத மில்காரர் மின்கம்பியில் இருந்த காக்கையை ஆராய்ந்தார். பால் வண்டி டிரைவர் தன் செருப்பைப் பார்த்தான். நாய் பிடிக்கிறவர் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

“கொஞ்சம் இருங்கய்யா” என்றாள் அக்கா.

அவள் அந்த நாயோடு மார்க்கெட்டுக்கும் குழாயடிக்கும் நடந்தவள். அது மாவு மில் வந்தால் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும், டீக்கடை வந்தால் மறுபடி இந்தப் பக்கம் வரும், பால் வண்டி ஹாரன் கேட்டால் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் புகுந்துகொள்ளும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னாள். பிறகு எல்லாரையும் பார்த்துக் கேட்டாள்.

“வெளியூர் நாய்க்கு, இந்த ஊர்ல யாருக்குப் பயப்படணும்னு எப்படித் தெரியும்?”

டாக்டரம்மா பால் வண்டி டிரைவரைப் பார்த்து ஒரு தடவை ஹாரன் அடிக்கச் சொன்னார். அவன் தயங்கிப் போய் அடித்தான். ராஜ நடை நாய் வயிற்றைத் தரையில் தேய்த்தபடி டாக்டரம்மாவின் காலுக்கிடையில் நுழைந்து நடுங்கியது.

முதலில் டீக்கடைக்காரிதான் பேசினாள். அவளுக்கு வெட்கம், மறைப்பு எதுவும் கிடையாது. “சேணமும் இல்ல, சிங்காரமும் இல்ல. பன்னைத் தூக்கிட்டு ஓடுச்சு, வெந்நிய ஊத்தினேன். வம்சம் தூக்கிட்டு ஓடினாலும் ஊத்துவேன்.”

அதற்கப்புறம் மில்காரரால் காக்கையைப் பார்க்க முடியவில்லை. மில்லுக்குப் பின்னால் சாக்குக் குவியலில் பிறந்த குட்டி அது. ஒருநாள் அவசரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டார், குட்டி உள்ளே, வால் வெளியே. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்ததாம். இவ்வளவையும் தன் சட்டைப் பொத்தானிடம்தான் சொன்னார். டிரைவர் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. தான் வண்டியை ஏற்றவில்லை, அதுவாகவே வந்து டயரில் காலை வைத்தது என்றான். வைத்த பிறகு நொண்டிக்கொண்டே செங்கல் சூளைப் பக்கம் ஓடிவிட்டதாம். சூளையை மூடியதும் சோற்றுக்கு வழியின்றி, அங்கே பழகிய இரண்டு நாய்களோடு பிறந்த ஊருக்கே வந்திருக்கிறது. நாய்க்குப் புத்தி அவ்வளவுதான்.

அத்தானின் சீமை மொத்தமும் எங்கள் கடைத்தெருவுக்குள் அடங்கிவிட்டது. அவர் தொண்டையைச் செருமினார்.

“இருந்தாலும் டாக்டர், தாய் வழியில ஏதாவது…”

“தாய் வழியில நாய்தான் சார்.”

டாக்டரம்மா ஊசி போட்டார். காதில் வெட்டியபோது அது கத்தவில்லை. எங்கள் ஊரில் இதைவிடப் பெரிதாகப் பார்த்துவிட்டது. மில்காரர் எப்போது நழுவினார் என்று தெரியவில்லை. டீக்கடைக்காரி, பால் கொதிக்கிறது என்று போனாள். அக்கா யாருக்கும் நன்றி சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்தாள். நாய் எழுந்து உதறிக்கொண்டு வாசற்படியில் படுக்கப் போனது. அவள் காலால் மெல்ல நெம்பி அதை உள்ளே தள்ளினாள்.

அத்தான் டாக்டரம்மாவின் பின்னாலேயே வண்டிவரை போனார். வால் போனால் போகட்டும், அந்தத் தாடையைக் கவனித்தீர்களா, அது நம் பக்கத்துத் தாடையே இல்லை என்று ஜன்னலில் குனிந்து விளக்கிக்கொண்டிருந்தார். நாய் பிடிக்கிறவர் ஏறி என்ஜினைப் போட்டும் அவர் கையை எடுக்கவில்லை.

“அக்கா, அத்தான் வெளியே நிக்கிறாரு” என்றேன்.

“தெரியுது” என்றாள்.

அவர் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போட்டாள், அது போதாதென்று சாவியையும் திருப்பினாள்.