கிண்ணத்துக்குள் கவிழ்த்த கோப்பை

திங்கட்கிழமையிலிருந்து அலங்காரம் வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். நூடுல்ஸ் சூப்பில் ஏதோ குப்பை மிதப்பது போல இருக்கிறதாம். மேலே நாலு எள்ளைத் தூவி அனுப்பினால் போதுமாம். குப்பையா? ஆறு வருடமாக இந்த உணவகத்துச் சமையலறை மூலையில் நின்று நான் செய்வது அது ஒன்றுதான். வெங்காயத்தாளை நூல் நூலாகக் கீறி ஐஸ் தண்ணீரில் போட்டால் சுருள் சுருளாக எழும். சிவப்பு மிளகாயைக் கீறிப் போட்டால் பூவாக விரியும். எள்ளைத் தூவ நான் எதற்கு? என் வேலை போய்விட்டது என்பதை வேறு எப்படிச் சொல்வார்கள்!

தலைமைச் சமையல்காரர் என் அக்கா புருஷன்தான். எனக்காகப் பேசுவார் என்று பார்த்தால் வாயில் கொழுக்கட்டை.

"அத்தான், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே, ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கன்னு. மதியம் வர்றாங்க. இனி நீயாச்சு, உன் மிளகாய்ப் பூவாச்சு."

எரிச்சலோடு உட்கார்ந்து செய்தேன். வெள்ளரியைச் சீவி விசிறியாக விரித்தேன், கேரட்டில் பூ வெட்டினேன். சூப்பின் மேல் வைத்ததும் எல்லாம் முங்கின. மிளகாய்ப் பூ மல்லாந்து கிடந்தது. அப்போதுதான் உணவுப் பட்டியலுக்குப் படம் எடுக்க வந்தவர் செய்த தந்திரம் நினைவுக்கு வந்தது. கிண்ணத்தின் அடியில் ஒரு சின்னக் கோப்பையைக் கவிழ்த்து, அதன் மேல் நூடுல்ஸைக் குவித்தேன். பூவும் விசிறியும் ஜம்மென்று நின்றன. பெரிய மனுஷி, ரெண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

எங்கே! அன்றைக்கென்று அவருக்கு நல்ல பசி. "அழகா இருக்கே" என்றபடி வழித்து வழித்துச் சாப்பிட்டார். கரண்டி டங்கென்று இடித்தது. கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்ன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முட்டுக்கு வச்சேன்மா. இல்லேன்னா பூ முங்கிடுது."

"இத்தனை வருஷமா முங்கலையா?"

"அப்பல்லாம் நூடுல்ஸ் ரெண்டு பிடி போடுவோம். போன மாசம் நீங்கதான் ஒரு பிடி போதும்னீங்க. அன்னையிலேர்ந்து வைக்கிறதெல்லாம் முங்குது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோப்பையையே பார்த்தார். பிறகு அத்தானிடம் திரும்பினார்.

"வர்றவங்களுக்கு வயிறு நிறையுதா?"

"கிண்ணத்தைச் சாய்ச்சுப் பார்த்துட்டுப் போறாங்க" என்றார் அத்தான். கொழுக்கட்டையை ஒருவழியாக விழுங்கிவிட்டார் போல.

"நாளையிலேர்ந்து ரெண்டு பிடி போடுங்க." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

என்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எனக்கு அழுகை முட்டியது. மெல்லிய கத்தியைத் துடைத்துத் துணியில் சுற்றினேன்.

அத்தான் காய்கறிச் சீட்டை எடுத்தார். "திங்கட்கிழமைக்கு வெங்காயத்தாள் எத்தனை கட்டு சொல்ல?"

"எதுக்கு? அவங்கதான் எனக்கு ஒண்ணும் சொல்லலையே."

"போறப்ப உன் மிளகாய்ப் பூவைக் கைக்குட்டையில மடிச்சு எடுத்துட்டுப் போனாங்க. நீ தலையைக் குனிஞ்சுட்டு நின்னா எப்படித் தெரியும்?"

கத்தியைத் துணியிலிருந்து பிரித்தேன். கண்ணில் வழிந்ததற்கு மிளகாய்க் கை என்று சொல்லிச் சமாளித்தேன்.

"எட்டுக் கட்டு சொல்லுங்க அத்தான்."