கிளாட்சனின் விலைவாசிக் கணக்கு

செருப்பு வாங்குவதென்றால்கூட மூன்று கடை விலையை அட்டவணை போட்டுப் பார்த்துவிட்டு, நாலாவது கடையில் வாங்குகிற ஆள் கிளாட்சன். அப்பேர்ப்பட்டவனைக் கும்பகோணத்தில் புதிதாகக் கிளை திறந்த ஒரு மென்பொருள் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டது. சம்பளம் மட்டும் பெங்களூரில் வாங்குவதில் முக்கால்வாசிதான் தர முடியும் என்றது. கிளாட்சன் கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்தான்.

கணக்குப் போட்டு முடிக்க ஒரு வாரம் பிடித்தது. முடிந்த கையோடு குத்தாலத்திலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டான்.

“அம்மா, நல்ல சேதி. நாங்க ஊருக்கே வந்துடறோம். இங்க செலவு கட்டுப்படியாகலம்மா. கும்பகோணத்துல வேலை, நம்ம வீட்ல இருந்தே போயிட்டு வந்துடலாம். சம்பளம் கம்மின்னாலும் கையில நிக்கிறது ஜாஸ்தி. சனிக்கிழமை வந்து விவரமா காட்டறேன் பாரு.”

“அப்படியாப்பா” என்றாள் ஆரோக்கியம். அவள் கையில் பாதி மடித்த புடவை ஒன்று இருந்தது. எதிரே பெட்டி திறந்து கிடந்தது. அது சீர்காழிக்குப் போவதற்காக அவள் அடுக்கிக்கொண்டிருந்த பெட்டி.

ஆரோக்கியத்துக்கு வயது ஐம்பத்துநாலு. வீட்டுக்காரர் குழந்தைராஜ் தவறி நாலு வருஷமாகிறது. ‘பாவம், ஒத்தையா கெடக்குது’ என்று தெருவே உச்சுக்கொட்டியது. அவளும் மரியாதைக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டுக்கொள்வாள். உள்ளதைச் சொன்னால் மாதா கோபித்துக்கொள்வாளோ என்னவோ, சொல்லிவிடுவோம்: இந்த நாலு வருஷம் போல அவள் வாழ்ந்ததே கிடையாது. பசித்தால் சோறு, பசிக்காவிட்டால் ஒரு டீயோடு சரி. டி.வி. ரிமோட் அவள் கையில். குழந்தைராஜ் தங்கமான மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் தாகம் எடுத்தால் பக்கத்திலிருக்கும் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டே ‘ஆரோக்கியம்’ என்று கூப்பிடுகிற தங்கம்.

சீர்காழியில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் விடுதிக்கு வார்டன் தேவைப்பட்டது. மகளிர் குழுக் கூட்டமொன்றில் ஆரோக்கியத்தின் அதட்டலைக் கேட்டிருந்த சிஸ்டர் அமலோற்பவம், இந்தத் தொண்டைதான் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். மாசம் பதினாலாயிரம், சாப்பாடு, தனி அறை. அறையைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். ஒரு ஜன்னல், ஒரு இரும்பு பீரோ, ஒரு மேஜை. அறைச் சாவியைச் சிஸ்டர் அவள் கையில் வைத்தபோது கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சமாளித்தாள். கல்யாணமான புதிதில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குக் கூப்பிட்டபோது, வீட்டில் ஆள் வேண்டாமா என்று குழந்தைராஜ் கேட்டார். ‘சரிங்க’ என்று உட்கார்ந்தவள்தான். இப்போது சாகிறதற்குள் ஒரு மாசச் சம்பளமாவது தன் பேரில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை அவளைத் தூங்கவிடவில்லை. வருகிற திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று நாளைக் கடத்திக்கொண்டே வந்தாள். பிள்ளை முந்திக்கொண்டுவிட்டான்.

சனிக்கிழமை காலையில் கிளாட்சனும் அவன் மனைவி பிரின்ஸியும் வந்து இறங்கினார்கள். பிரின்ஸிக்கு அஞ்சு மாசம். தலைப்பிரசவம் திருச்சியில் அவள் அம்மா வீட்டில் என்று பேசி முடித்தாயிற்று. “வாம்மா, வெயில்ல வந்திருக்கே, முதல்ல உக்காரு” என்று ஆரோக்கியம் மருமகளுக்கு மோர் கொடுத்தாள். அந்த மோர் உள்ளே இறங்குவதற்குள் கிளாட்சன் லேப்டாப்பை டி.வி.யில் மாட்டிவிட்டான்.

டி.வி. நிறைய எண்கள். சிவப்பாக ஒரு பத்தி, பெங்களூர். பச்சையாக ஒரு பத்தி, குத்தாலம். வயிற்றில் இருக்கிற பிள்ளை அந்தக் கணக்கில் எப்போதோ பிறந்து, பள்ளிக்கூட வேனில்கூடப் போய்க்கொண்டிருந்தது.

“பாரும்மா. அங்க வாடகை இருபத்தெட்டாயிரம், இங்க ஜீரோ. அரிசி, நம்ம குத்தகை நெல்லு வருது, ஜீரோ. தண்ணி லாரி ஜீரோ. பால் ஜீரோ.”

“பால் எப்படிடா ஜீரோ?”

“அதான் நம்ம மாடு இருக்குல்ல.”

“மாட்ட வித்து மூணு வருஷம் ஆச்சுடா. போன்ல சொன்னேனே.”

கிளாட்சன் ஆடிப்போய்விட்டான். அப்பன் போன செய்தி வந்தபோதுகூட அவன் இப்படி உறைந்து நின்றதில்லை. மாட்டு வரியை அழித்து, பாலுக்கு விலை போட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்த வரிக்கு இறங்கினான்.

“பரவால்ல, சமாளிக்கலாம். சமையல்காரம்மா, அங்க எட்டாயிரம், இங்க ஜீரோ. துணி துவைக்க, வீடு கூட்ட, அங்க இன்னொரு எட்டாயிரம், இங்க ஜீரோ. குழந்தைய பாத்துக்க அங்க பதினஞ்சாயிரம் கேக்கறான் கொள்ளைக்காரன். இங்க ஜீரோ.”

“அதெல்லாம் எப்படி ஜீரோ?”

“நீ இருக்கியேம்மா!” என்றான் கிளாட்சன்.

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. ஆரோக்கியத்துக்கு முகமெல்லாம் சுட்டது. விற்றுப்போன மாட்டுக்குக்கூட அந்தக் கணக்கில் தனியாக ஒரு வரி இருந்திருக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாளாக எப்படிச் சொல்வது என்று தவித்ததைப் பொட்டென்று போட்டு உடைத்தாள்.

“நான் இங்க இருக்க மாட்டேன். சீர்காழி ஹாஸ்டல்ல வார்டன் வேலை கெடச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும்.”

“ஐயோ அத்தை, சூப்பர்!” என்று பிரின்ஸி கையைத் தட்டினாள். புருஷன் பார்த்த பார்வையில் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

“ஏம்மா, புள்ள இருக்கறப்ப அம்மா வேலைக்குப் போறாங்கன்னு ஊர்ல பேச மாட்டாங்களா?”

“அம்மா இருக்கறப்ப புள்ள வேலைக்குப் போறான்னு உன்னை யாராவது பேசினாங்களா?”

கிளாட்சன் தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தான். “எவ்வளவு தர்றாங்க?”

“பதினாலாயிரம். சாப்பாடு, ரூம் அவங்களோடது.”

“சாப்பாடும் ரூமுமா? அப்ப உனக்குச் செலவே கெடையாதா!” சொந்தத் தாய் மீதே அவனுக்குப் பொறாமை வந்துவிட்டது. மென்று விழுங்கிக்கொண்டு, “சரி, அந்தப் பதினாலாயிரத்த நானே தந்துடறேன், விடு” என்று பச்சைப் பத்தியில் எண்ணைத் தட்டினான்.

“அங்க நான் சமைக்கறதில்லடா. பாத்திரம் தேய்க்கறதில்ல. ஏழு மணிக்கு கேட்டைப் பூட்டணும், பொண்ணுங்களை எண்ணணும், வராதவளை அதட்டணும். அவ்வளவுதான் வேலை.”

கிளாட்சனிடம் ஒரு யோக்கியதை உண்டு. கணக்குக்குத் துரோகம் செய்ய மாட்டான். அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்தும் அம்மா சமைக்கவில்லையென்றால், சமைக்கிறவளுக்குத் தனியாகக் கொடுத்தாக வேண்டும். பக்கத்து வீட்டு அம்சத்தைக் கூப்பிட்டு, ஊரில் என்ன கூலி என்று விசாரித்தான்.

“சமையலுக்கா? ஆளு எங்க தம்பி கெடைக்குது?” என்றாள் அம்சம். “பாதிப் பேரு திருப்பூருல, மீதிப் பேரு நூறு நாள் வேலையில. நடவுக்கே வடக்கத்திப் பசங்கதான் வர்றானுங்க. வேணும்னா அவனுங்கள்ல ஒருத்தனை வெச்சுக்க. சப்பாத்தி நல்லா போடறானாம்.”

“புள்ளைய பாத்துக்க?”

“பச்சப் புள்ளையா? யம்மாடி! என் மகன் புள்ளையவே வேணாம்னு சொல்லிட்டேன் தம்பி.”

அம்சம் சொன்ன கூலியையெல்லாம் போடப் போட, பச்சை மங்கி, மஞ்சளாகி, கடைசியில் ரத்தச் சிவப்பாகிவிட்டது. கிளாட்சன் இரண்டு தடவை சரிபார்த்தான்.

“அடக் கடவுளே, குத்தாலத்துக்கு பெங்களூரே மேல்!”

ஆரோக்கியம் மூச்சு விட்டாள். தப்பித்தோம் என்று அடுப்படிக்கு எழுந்தாள். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அவன் லேசில் விடுகிற ஆளா? மூன்றாவதாக ஒரு பத்தி திறந்தான். தலைப்பில் ‘பெங்களூர், அம்மாவுடன்’ என்று அடித்தான். பழைய பூஜ்யங்களையெல்லாம் வாரிக்கொண்டுபோய் அதற்குள் கொட்டினான். பத்தி பயிர்ப் பச்சையாகச் செழித்தது.

“அம்மா!” கிளாட்சன் குரல் தழுதழுத்தது. நிஜமாகவே கண்ணில் தண்ணீர். “உன்னோட மதிப்பு என்னன்னு இத்தனை வருஷம் எனக்குத் தெரியலம்மா. மாசம் முப்பத்தோராயிரம்! நீ எங்ககூட பெங்களூர் வந்துடு. கும்பகோணம் வேணாம், சீர்காழியும் வேணாம். நம்ம எல்லாரும் ஒண்ணா இருப்போம்.”

ஓடிவந்து கட்டிக்கொண்டான். ஒரு நிமிஷம் ஆரோக்கியம் ஆடித்தான் போனாள். பிள்ளை இப்படிக் கட்டிக்கொண்டு எத்தனையோ வருஷமாயிற்று. பெற்ற வயிறு குழைந்தது. ‘சரிப்பா’ என்கிற வார்த்தை, வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தை, தொண்டை வரை வந்துவிட்டது. கூடவே அந்த இரும்பு பீரோவும் ஜன்னலும் ஞாபகம் வந்தன. வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள்.

அம்மா பேசாமல் இருந்தால் சம்மதம் என்பது பிள்ளைகளின் சட்டம். கிளாட்சன் அவள் போனையே எடுத்துச் சிஸ்டர் எண்ணைத் தேடி, ஸ்பீக்கரில் போட்டான்.

“சிஸ்டர், நான் ஆரோக்கியத்தோட மகன் பேசறேன். அம்மாவால வேலைக்கு வர முடியாதுங்க. எங்ககூட பெங்களூர் வர்றாங்க. வேற ஆள் பாத்துக்கங்க.”

சிஸ்டர் அமலோற்பவம் நிதானமாகக் கேட்டார். “அப்படிங்களா? அவங்க பக்கத்துல இருந்தா குடுங்க தம்பி. அவங்க வாயால கேட்டுடறேன்.”

கிளாட்சன் சிரித்துக்கொண்டே போனை நீட்டினான். நீட்டிய கையில் துளிச் சந்தேகமில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆரோக்கியத்துக்கு வந்ததே ஒரு கோபம், சீர்காழி விடுதியே கிடுகிடுக்கிற மாதிரி குரல் எழும்பியது.

“சிஸ்டர், ஆரோக்கியம் பேசறேன். திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்குப் பூசை முடிஞ்ச உடனே பஸ் ஏறிடறேன். கேட்டுச் சாவிய எடுத்து வைங்க!”

பிரின்ஸி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கிளாட்சன் மூன்றாவது பத்தியை ஒவ்வொரு கட்டமாக அழித்தான். அன்று மத்தியானம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் கும்பகோணம் கம்பெனிக்கு வர இயலாது என்று எழுதிப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தான். மாயவரத்தில் மாறித்தான் சீர்காழி போக வேண்டும். மாயவரம் பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே நின்று தலையைச் சொறிந்தான். முகத்தில் வருத்தம் இருந்தது. அதற்கும் மேலே வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, லீவுக்கு நாங்க வந்தா அங்க தங்க முடியுமா?”

“கெஸ்ட் ரூம் ஒண்ணு இருக்கு.”

கிளாட்சன் முகம் மலர்ந்தது. “சாப்பாடு?”

“அதுவும் உண்டு.”

“நம்மகிட்டல்லாம் காசு கேக்க மாட்டாங்கல்ல?”

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. ஆரோக்கியம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பஸ் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி சொன்னாள்:

“வேளைக்கு எழுபது ரூவா. வார்டன் புள்ளைன்னாலும் எழுபதுதான்.”