உப்புப் பார்க்கும் மூக்கு

கோலா கெத்தில் டவுனில் எங்கள் நாசி கண்டார் சோற்றுக்கடை முன்னால் வரிசை நிற்கிறதென்றால், அது என் வீட்டுக்காரர் ஹசனின் நாக்குக்காக. நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும். தினமும் ஏழு சட்டிக் கறியிலும் சட்டிக்கொரு ரொட்டித் துண்டாக முக்கித் தின்று, உப்புப் பார்த்த பிறகுதான் கடை திறப்பார்.

ஐம்பத்திரண்டு வயது. ஒரு தலைவலி கிடையாது. ஆனால் நன்றாக இருந்த அவர் தம்பி நாற்பத்தெட்டிலேயே மாரடைப்பில் பொட்டென்று போய்விட்டார். அதனால்தான் சுங்கை பட்டாணியில் டாக்டர் பரஞ்சோதி இவருக்கு நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எல்லாருக்கும் இது தேவையில்லை, குடும்பத்தில் இப்படி நடந்திருந்தால் பார்க்கலாம் என்றார்.

ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர் இருநூற்றுப் பத்து என்று வந்தது.

“பூஜ்யம் வந்திருந்தா நல்லது. தண்ணி கொதிக்கிற பாத்திரத்துல வெள்ளையா படியுமே, அந்த மாதிரி இதய ரத்தக் குழாய்ல படிஞ்சிருக்கு. மாத்திரை தர்றேன். கொழுப்பைக் குறைக்கணும். என்ன சாப்பிடுறீங்க?”

“ரெண்டு வேளை சோறு டாக்டர். அதுவும் கொஞ்சம்தான்லா.”

பொய் இல்லை. உப்புப் பார்ப்பதைச் சாப்பாடு என்று அவர் நினைத்ததே இல்லை. ஏழு துண்டு ரொட்டி விஷயத்தை நான்தான் போட்டு உடைத்தேன். டாக்டர் அதை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். இறங்கும்போது சொன்னார்: “நாக்குல வைக்காம ஆக்குறவன் ஒரு பண்டாரியா? கடையை மூடிருவோம்.”

எனக்கு வந்ததே கோபம்! “நோன்பு மாசம் முப்பது நாளும் என்ன பண்றீங்க? வாயில ஒரு சொட்டு படாமத்தானே பாசார் ரமலான் சந்தைக்கு ஆக்குறீங்க? ஒருத்தராச்சும் குறை சொன்னாங்களா?”

“அது அல்லாவுக்காக.”

“இதை எனக்காகப் பண்ணுங்களேன்.” அழக் கூடாது என்றுதான் இருந்தேன், அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சட்டியாக முகர்ந்தார். ஆட்டுக்கறியிடம் வந்ததும் கை ரொட்டிப் பக்கம் போனது. நான் முறைத்தேன், கை திரும்பிவிட்டது. கண்ணை மூடி ஆவியை இழுத்தார்.

“உப்பு அரைக் கை கம்மி.”

போட்டுக் கிளறி, ஒரு சொட்டு என் நாக்கில் வைத்தேன். என்றைக்கும்போல அப்படியே இருந்தது, அவர் கறி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

யாரிடமும் எதையும் கேட்டறியாத மனுஷன் என் முகத்தையே பார்த்தார்.

“சரியா இருக்கா, ஷம்சியா?”