திருந்த மறுத்த மூக்கு

மண்டையோட்டை அச்செடுத்து அதன்மேல் களிமண்ணால் வைத்த முகத்தின் மூக்கை நேராக்கும்படி பிணவறை அதிகாரி மூன்று முறை உத்தரவிட்டார்; மூன்று முறையும் அது மறுநாள் காலைக்குள் தானாக இடப்பக்கம் கோணிக்கொண்டது. அந்த வாரம் பிணவறைக்குத் தண்ணீர் லாரியும் இரண்டு நாள் வரவில்லை.

எலும்புகள் கல்குவாரியின் சரிவு மழையில் இடிந்தபோது வெளியே வந்தவை. ஒன்பது வருடத்துக்கு முன், வெடி வைக்குமுன் ஆட்களை மேலேற்ற வேண்டும் என்று சொல்லி வேலையை நிறுத்தவைத்த ஒருவன் அங்கே காணாமல் போயிருந்தான். யாரோ ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று குவாரி முதலாளி கதை கட்டினார், ஊரும் அதை நம்பிவிட்டது. இப்போது முகம் அடையாளம் தெரியாமல் இருந்தால் நல்லது என்று அவர் அதிகாரியின் காதில் போட்டுவைத்தார்.

பிணவறையின் பின்னறையில் பதினாறு வருடமாக முகம் வைத்துவந்தவளை எல்லோரும் முகக்காரி என்றே அழைத்தார்கள். எந்த இடத்தில் சதை எவ்வளவு கனம் இருந்திருக்கும் என்று ரப்பர் துண்டுகளை அளந்து வெட்டி ஒட்டி, அந்த உயரத்துக்கு மண் அப்புவாள். இந்த ஆளின் மூக்கெலும்பு எப்போதோ உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. அப்படியேதான் மூக்கு வைத்தாள். பிறகு வேலைக்குப் பயந்து, தலைகுனிந்தபடி மூன்று முறை நேராக்கவும் செய்தாள். நான்காம் முறை அவர் கூப்பிட்டபோது கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் முன் நின்றாள்.

"மண்ணே வளைஞ்சு குடுக்கல சார். நான் எதுக்குக் குடுக்கணும்?"

மாற்றல் உத்தரவு அன்றே வந்தது. அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய், புறநோயாளிகள் சீட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், வரிசையில் நிற்பவர்கள் பார்க்கும்படி வைத்தாள். தடுக்கவேண்டிய காவலாளி அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். எடுக்கச் சொல்லி அதிகாரி அனுப்பிய நால்வராலும் அதை அசைக்க முடியவில்லை, இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் இருமலுக்கு மருந்து வாங்க வந்த ஒரு பெண் வரிசையை விட்டு வெளியே வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த மூக்க ஒடச்சதே நான்தான்," என்றாள் முகக்காரியிடம். "கோவத்துல கதவைச் சாத்தினேன், இந்த மனுசன் தலைய நீட்டிட்டாரு." பிறகு முகத்தைப் பார்த்து, "நீங்க ஓடிப்போகலன்னு நான் மட்டுந்தாங்க சொல்லிட்டிருந்தேன்," என்றாள்.

மண்முகத்தில் பதித்திருந்த கண்ணாடிக் கண்கள் நனைந்தன. அவள் முந்தானையால் துடைத்தாள், தூக்கினாள். பூசணிக்காய் கனம்கூட இல்லை.

கொலை வழக்கு நடந்தபோது, மண்ணை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று முதலாளியின் வக்கீல் வாதாடினார். நீதிபதி எல்லோர் முன்னிலையிலும் மூக்கை நேராக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது அது கோணியிருந்தது. 'குறுக்கு விசாரணையில் சாட்சி பிறழவில்லை' என்று எழுதிக்கொண்டார். முதலாளிக்கு ஆயுள் தண்டனை, அதிகாரிக்கு ஏழு வருடம். முகக்காரி தன் பின்னறைக்கே திரும்பினாள்.

எலும்புகளை அடக்கம் செய்த மனைவி, முகத்தை வீட்டு ஜன்னலில் தெருவைப் பார்த்து வைத்தாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று அவளை ஏசியவர்கள் அந்த வழியாகத்தான் கடைக்குப் போகவேண்டும். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை முகமும் கூடவே திரும்பும். முதலில் சுற்றுவழியில் போய்ப் பார்த்தார்கள். இப்போது நின்று, வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.