கீழ் வீட்டுப் பூட்டு

வீட்டை வாடகைக்கு விடுவது எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், செருப்புக் கடைக்காரருக்குத் தலைகால் புரியாது. கடைத்தெருவில் அவருக்கு யோசனைக்காரர் என்றே பெயர். மேலே ஒன்று, கீழே ஒன்று, மொத்தமே இரண்டு வீடுகளைத்தான் வாடகைக்கு விட்டிருந்தார். பேச்சைக் கேட்டால் தெருவே அவருடையது என்று தோன்றும். அன்று கடையில் வந்து மாட்டிக்கொண்டவன் அவர் மனைவியின் தம்பி. சின்னதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டான்.

“வெள்ளை பெயின்ட் அடிக்காதே மாப்ளே, கை பட்டாலே அழுக்கு தெரியும். குழாயை மட்டும் நல்லதா போடு. குடி வர்றவங்க முன்னாடி எங்க இருந்தாங்கன்னு கேட்டு, அந்த வீட்டுக்காரர்கிட்டயே போய் விசாரி.”

எல்லாம் உருப்படியான யோசனைதான். மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

“அப்புறம் பூட்டு. ஆள் மாறினா பூட்டையும் மாத்தணும். அதுக்குன்னு கடைக்கு ஓடாதே. மேல் வீட்டுப் பூட்டைக் கழட்டிக் கீழ போடு, கீழ் வீட்டுப் பூட்டை மேல போடு. ரெண்டு பேருக்கும் புதுச் சாவின்னு குடுத்துடு. யாருக்குத் தெரியப்போகுது?”

“பலே ஆளு மாமா நீங்க!” என்றான் மச்சினன்.

இது வாய்ப்பேச்சு இல்லை, போன மாதம் அவரே செய்து பார்த்த வேலை. கீழ் வீட்டில் ஒரு தையல்காரி தன் சின்ன மகளோடு இருந்தாள். அடித்து உதைத்த புருஷனை வெளியே அனுப்பிவிட்டு இவரிடம் வந்து நின்றாள். “அண்ணே, அவரு சாவியை எடுத்துட்டுப் போயிட்டாரு. பூட்டை மாத்திக் குடுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமா போகும்.” மறுநாளே திருப்புளியோடு போய் மாற்றிக் கொடுத்தார். மேல் வீட்டு டீச்சரிடமும், “உங்களுக்கும் சேர்த்து மாத்திட்டேன்” என்று ஒரு சாவியை நீட்டினார். அந்த அம்மாவும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

மச்சினன் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. தையல்காரி.

“அண்ணே, அவரு தெருமுனையில நிக்கறாரு. நல்லா குடிச்சிருக்காரு. கீழ இருக்கப் பயமா இருந்துச்சு. டீச்சர் பள்ளிக்கூடம் போயிட்டாங்க, அவங்க சாவியை என்கிட்டதான் குடுத்துட்டுப் போவாங்க. பாப்பாவைத் தூக்கிட்டு மேல வந்து பூட்டிக்கிட்டேன். இங்க அவரால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்.”

யோசனைக்காரர் போனும் கையுமாகத் துள்ளி எழுந்தார். அட பாவி மனுஷா! அந்தக் குடிகாரன் சாவிக்கு இந்த ஊரிலேயே திறக்கிற கதவு அது ஒன்றுதான். அவள் போயும் போயும் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

“உள்தாழ்ப்பாளைப் போடும்மா!”

“அதுதான் ஸ்க்ரூ கழண்டு தொங்குதே. டீச்சர் எத்தனை தடவை உங்ககிட்ட சொன்னாங்க!”

சொல்லத்தான் சொன்னார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று டிமிக்கி கொடுத்துவந்தது இவர்தான்.

“அப்ப பீரோவை இழுத்துக் கதவுல சாத்து.”

“எதுக்குண்ணே? அவருகிட்ட இருக்கறது கீழ் வீட்டுப் பழைய சாவிதானே?”

சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்று சொல்லி மழுப்பிவிடலாம். ஆனால் சும்மா என்றால் அவள் சாவகாசமாகத்தான் எழுந்திருப்பாள். பக்கத்தில் மச்சினன் வேறு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். மானம் போனால் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“புதுப் பூட்டு வாங்கலம்மா. கீழ இருந்ததைத்தான் மேல போட்டேன். அவன் சாவிக்கு அந்தக் கதவு திறக்கும். இழு, சீக்கிரம் இழு!”

மறுமுனையில் தரையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு பைக்கை எடுத்தார். பின்னால் மச்சினன் போலீசுக்கு முகவரி சொல்லிக்கொண்டே வந்தான். சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. யாரோ திட்டினார்கள். காதில் எதுவும் ஏறவில்லை. பீரோவை ஒருத்தியால் நகர்த்த முடியுமா என்ற ஒன்றையே மனசு திரும்பத் திரும்பக் கேட்டது.

கீழ் வீட்டுக் கதவு பூட்டியபடியே இருந்தது. பூட்டைச் சுற்றிப் புதிதாகக் கீறல்கள். மாடிப்படியில் குழந்தையின் சிவப்புச் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. இவர் கடைச் செருப்புதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் மேலே ஏறியிருக்கிறான். மேலேயிருந்து குழந்தை வீறிடுவது கேட்டது.

இரண்டிரண்டு படியாகத் தாவினார். கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. பூட்டில் சாவி தொங்கியது. அவன் தோளைக் கொடுத்து முட்ட, உள்ளே பீரோ ஆடிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கு வழியே தையல்காரியின் முகம் தெரிந்தது. பீரோவுக்கு முதுகைக் கொடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னாலிருந்து அவனைக் கட்டிப்பிடித்தார். முழங்கை வந்து வாயில் இடித்தது, விடவில்லை. மச்சினன் காலைப் பிடித்து இழுத்தான். மூன்று பேரும் படியில் உருண்டார்கள். அவன் மேல் இருவரும் ஏறி உட்கார்ந்திருந்தபோது போலீஸ் வந்து சேர்ந்தது.

அவனைக் கொண்டுபோன பிறகு பீரோ மெல்ல நகர்ந்தது. தையல்காரி வாசலுக்கு வந்தாள். பூட்டில் தொங்கிய சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இப்பவே போய்ப் புதுப் பூட்டு வாங்கிட்டு வர்றேம்மா. தாழ்ப்பாளும் சேர்த்து...” என்றார், உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

“உங்ககிட்டயும் ரெண்டு வீட்டுக்கும் சாவி இருக்குல்ல?”

“இருக்கு. அது வழக்கமா வீட்டுக்காரங்க...”

“குடுங்க.”

அண்ணே என்று கூப்பிடவில்லை. வளையத்திலிருந்து இரண்டு சாவிகளையும் கழற்றி அவள் கையில் வைத்தார். மச்சினன் தலையைத் திருப்பிக்கொண்டு படி இறங்கினான்.

கதவு சாத்தப்பட்டது. படியில் கிடந்த குழந்தையின் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு அவர் திரும்பியபோது உள்ளே மறுபடியும் பீரோவை இழுக்கும் சத்தம் கேட்டது.