வலமாகவே போவோம்

கருப்பையா மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தபோது பாதையில் யாரும் இல்லை. அவசரத்துக்கு ஒதுங்கியவர், சைக்கிளையும் உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஒரு ரப்பர் மரத்தில் சாய்த்திருந்தார். இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். பின்னால் வந்துகொண்டிருந்த வெள்ளையம்மை இன்னும் வளைவு திரும்பவில்லை போலும் என்று, ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்தபடி நின்றார்.

வியட்நாமின் சைகோன் நகரத்தில், பூ மி ஹங் பகுதியில் பதினான்காவது மாடியில் குடியிருக்கும் தம்பதி அவர்கள். கருப்பையாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஆயிரம் சட்டைகளில் ஒன்றில் தையல் கோணியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பின்னால் வருகிற பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றாது. சைகோனில் ரோட்டைக் கடப்பதற்கே தனித் துணிச்சல் வேண்டும் என்பதால், ஞாயிறு காலைகளில் சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு குச்சி என்ற ஊரைத் தாண்டி இந்த ரப்பர்க் காட்டுக்கு வந்துவிடுவார்கள். காட்டைச் சுற்றி ஏழு கிலோமீட்டருக்குச் செம்மண் சரளைப் பாதை. லாரி கிடையாது, மோட்டார் சைக்கிள் கிடையாது, ஹாரன் கிடையாது. சக்கரத்தின் அடியில் சரளை நொறுங்கும் சத்தம் மட்டும்தான்.

காட்டின் நடுவே ஒரு மேடு. மேட்டின்மேல் சிவப்பு வண்ணம் பூசிய சின்னக் கோயில். முதல் நாளே வெள்ளையம்மை அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நடுவுல சாமி இருக்கு. வலமாவே போவமுங்க" என்றாள்.

என்ன சாமி என்று இருவருக்கும் தெரியாது. தெரியாத சாமியிடம்தான் கூடுதலாகப் பயந்து நடக்க வேண்டும் என்பது கருப்பையாவின் கட்சி. உள்ளூர்க்காரர்கள் எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கம் போனார்கள். செட்டிநாட்டுத் தம்பதி மட்டும் சாமியை வலக்கைப் பக்கம் வைத்தே சுற்றினார்கள். அன்று ஒரு சுற்று முடித்து, இரண்டாவது சுற்றில் பாதி வந்திருந்தார்கள்.

பத்து நிமிடம் ஆயிற்று. வெள்ளையம்மை வரவில்லை.

வெள்ளையம்மைக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை, தினமும் ஊசி. காலையில் ஊசி போட்டுக்கொண்டு ஒன்றரை இட்லி சாப்பிட்டவள். இந்நேரம் சர்க்கரை இறங்கத் தொடங்கியிருக்கும். இறங்கினால் கை நடுங்கும், கண் இருட்டும், கவனிக்காவிட்டால் விழுந்துவிடுவாள். குளுக்கோஸ் பொட்டலம் கருப்பையாவின் பையில் இருந்தது. அவள் போனும் அதே பையில்தான். 'எல்லாம் என்கிட்டயே இருக்கட்டும், நீ தொலச்சுப்புடுவ' என்று வாங்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

எங்கோ விழுந்து கிடக்கிறாள் என்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதானே? யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கருப்பையாவும் சைக்கிளைத் திருப்பினார். மரங்களுக்கு நடுவே சிவப்புக் கோயில் இடக்கைப் பக்கம் தெரிந்தது. இப்படிப்பட்ட நேரத்திலா இடமாகச் சுற்றிச் சாமியின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வது? வட்டப் பாதைதானே, நேரே போனாலும் அவள் கிடக்கும் இடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு, மறுபடியும் வலமாகவே திருப்பி மிதித்தார். புத்திசாலி மனிதர்!

பாதை தொடங்கும் இடத்தில், கயிற்றுத் தூளிகள் கட்டிய காபிக்கடை. கடைக்காரம்மாவிடம் தனக்குத் தெரிந்த வியட்நாமிய வார்த்தைகளையெல்லாம் கொட்டினார். மனைவி, சைக்கிள், மஞ்சள் சட்டை. அந்தம்மா சிரித்துக்கொண்டே பாதையின் முன்பக்கம் கையை நீட்டினாள். இப்போதுதான் போனாளாம்.

கருப்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் வந்தவள் முன்னால் எப்படிப் போனாள்? வேறு யாரையோ சொல்கிறாளோ? மஞ்சள் சட்டையும் ஹெல்மெட்டுக்கு அடியில் கனகாம்பரமுமாக இந்தக் காட்டில் வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

வேகமாக மிதித்தார். ரப்பர்ப் பால் எடுக்கும் இரண்டு பேர் வாளியோடு எதிரே வந்தார்கள். அவர்களும் முன்பக்கமே கையைக் காட்டினார்கள். அடுத்து, திராட்சைக்குப் பேர்போன நிங் துவானிலிருந்து கொடி கொண்டுவந்து யாரோ போட்டிருந்த திராட்சைத் தோட்டம். வேலிக்குள் பந்தல் பந்தலாகக் கருங்குலைகள் தொங்கின. அங்கே ஆள் யாரும் தட்டுப்படவில்லை. ஒரு முழுச் சுற்றும் முடிந்து மறுபடி காபிக்கடை வந்தது. வழியில் வெள்ளையம்மை எங்கும் கிடக்கவில்லை. நிற்கவும் இல்லை.

கடைக்காரம்மா இந்த முறை சிரிக்கவில்லை. இரண்டு விரலைக் காட்டினாள். அந்தப் பெண் இரண்டு தடவை போய்விட்டாள். பிறகு கருப்பையாவைச் சுட்டி மறுபடி இரண்டு விரல். நீயும் இரண்டு தடவை. கடைசியாக ஒரு விரலால் இன்னொரு விரலைத் துரத்திக் காட்டினாள்.

அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. அவர் மரத்துக்குப் பின்னால் நின்ற அந்த இரண்டு நிமிடத்தில் வெள்ளையம்மை கடந்து போயிருக்கிறாள். அவர் முன்னால் போய்விட்டார் என்று நினைத்துத் துரத்துகிறாள். அவள் பின்னாலேயே இவர் துரத்துகிறார். இரண்டு பேரும் வலமாக. சாகும்வரை சுற்றினாலும் சந்திக்க முடியாது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊசி போட்டு மூன்று மணி நேரம். அழுகை வந்துவிட்டது அவருக்கு. மேட்டைப் பார்த்து, "மன்னிச்சுக்க சாமி, தெரிஞ்சேதான் செய்றேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளை இடமாகத் திருப்பினார்.

இனி எதிரே வந்துதானே ஆக வேண்டும்? ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் சட்டையைத் தேடினார். வரவில்லை. பால் எடுப்பவர்கள் அவரைப் பார்த்து வாளியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். ஏழு கிலோமீட்டரும் தீர்ந்து காபிக்கடையில் வந்து நின்றார். இடமாகச் சுற்றியதற்குச் சாமி அவளையே மறைத்துவிட்டதா? படித்த மனிதர்தான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் அவளுக்கு ஏதோ சேதி வந்திருக்க வேண்டும்; கடைக்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நடந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இழுத்த இழுப்புக்குப் போனார். ஐந்நூறு அடி தூரத்தில், திராட்சைத் தோட்டத்தின் பின்பக்க வாசலில் கொண்டுபோய் விட்டாள்.

பந்தலின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளையம்மை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தோட்டக்காரி ஒருத்தி விசிறிக்கொண்டிருந்தாள். மடி நிறையத் திராட்சைக் காம்புகள். கருப்பையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வெள்ள!" என்றார்.

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. சைக்கிள உள்ள தள்ளிக்கிட்டு வந்து போட்டுட்டு, கேக்காம கொள்ளாம ஒரு கொலய அறுத்துத் தின்னுட்டேன். அப்புறம் இவுகளே இன்னும் ரெண்டு கொல குடுத்தாக" என்றாள். "நீங்க எதுக்குங்க இடமாச் சுத்துனீக?"

"ஒன்னத் தேடித்தான். ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேனே. வேலியோரத்துலதான் நின்னேன். மூணு தடவ கூப்பிட்டேன். நீங்க நேராப் பாத்துக்கிட்டே போயிட்டீக."

கருப்பையா பையைத் திறந்து குளுக்கோஸை நீட்டினார். அவள் அதை வாங்கியதோடு நிற்கவில்லை. பையையே, உள்ளே இருந்த தன் போனோடு, வாங்கித் தன் சைக்கிளின் முன்பக்கம் மாட்டிக்கொண்டாள்.

அரைமணி நேரம் கழித்துத் தள்ளிக்கொண்டே கிளம்பினார்கள். இடமாகப் போனால் காபிக்கடை ஐந்நூறு அடி. வலமாகப் போனால் கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர். பழக்க தோஷத்தில் கருப்பையாவின் கை வலப்பக்கமே திரும்பியது. வெள்ளையம்மை மேட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இடமாகவே நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

பத்தடி போனதும் அவள் நின்று திரும்பிப் பார்த்தாள், அவர் வருகிறாரா என்று. பாதை முடிவதற்குள் இன்னும் நான்கு முறை பார்த்தாள். கருப்பையா ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு வந்தார்.