பன்னிரண்டு பெயர்களின் வகுப்பு

பிற்பகல் மூன்று மணிக்கு உத்திரமேரூர் கடைத்தெரு கொஞ்சம் கண் அசரும். அந்த நேரம் பார்த்துத்தான் ஷப்ரீனுக்கு வகுப்பு. அத்தா உபைதுல்லாவின் பிரவுசிங் சென்டரில் கடைசித் தடுப்புக்குள் உட்கார்ந்து, இணையம் வழியாக ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியின் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். வலியை எப்படி விசாரிப்பது, ஷிப்ட் முடியும்போது அடுத்து வரும் நர்சிடம் நோயாளியை எப்படி ஒப்படைப்பது என்பதெல்லாம் பாடம். எம்.ஏ. முடித்து மூன்று வருஷம் சும்மா கிடந்தவளுக்கு 2007இல் வாய்த்த முதல் வேலை அது. கல்லூரி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பத்துப் பேருக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். பட்டியலில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

இணையம் அப்போது நொண்டிக்கொண்டிருந்தது. குரல் போகாது, தட்டச்சு மட்டும்தான் போகும். முகமே பார்க்காத பிள்ளைகளுக்கு ஷப்ரீன் தானாகவே முகம் கொடுத்துவிட்டாள். தமிழ்வாணன் துடுக்கு. பயிற்சி உரையாடலில் மருந்து வேண்டாம் என்று அடம்பிடிக்கும் கிழவரை மிரட்டாமல் சிரிக்கவைத்தே விழுங்கவைப்பான். பாஞ்சாலி ஓயாமல் கேள்வி கேட்பாள். மார்த்தாள் நிதானக்காரி. எந்த நோயாளியானாலும் முதலில் பெயரைக் கேட்பாள், பிறகுதான் நோயைக் கேட்பாள். அதை ஷப்ரீன் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அதனாலேயே மார்த்தாள் மேல் ஒரு தனிப் பாசம்.

மின்விசிறிக் காற்றில் கண் சொருகும்போது பன்னிரண்டு பேரும் வெள்ளை உடுப்போடு கடைத்தெருவில் வருவார்கள். வெயில் அவர்கள் மேல் மட்டும் சுடாது. பாஞ்சாலி பூக்காரியிடம் என்னவோ கேட்டுக்கொண்டு நிற்பாள், மார்த்தாள் அவள் கையைப் பிடித்து இழுப்பாள்.

“இன்னாம்மா, தனியா சிரிச்சிக்கினு கீற?” என்பார் அத்தா.

“பசங்க, அத்தா.”

அவர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

சசிரேகா மட்டும் அந்தக் கனவில் முகமில்லாமல் வந்தாள். புரிந்ததா என்றால் “எஸ் மேடம்” என்று எழுதுவாள். புரியவில்லையா என்றாலும் அதே “எஸ் மேடம்”தான். வேறு ஒரு சொல் அவளிடமிருந்து வந்ததில்லை. நேர்முகத் தேர்வில் இந்தப் பெண் வாயைத் திறக்காமலே ஊர் திரும்பிவிடுமே என்று ஷப்ரீன் கவலைப்படுவாள்.

ஐப்பசியில் புது இணைப்பு வந்தது. அத்தா ஹெட்போன் வாங்கிவந்து கொடுத்தார். கல்லூரி லேபிலும் மைக் வைத்துவிட்டார்கள். ஷப்ரீன் முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

“இன்னிக்கி எல்லாரும் பேசப்போறீங்க. மார்த்தாள், நீ ஆரம்பி.”

மெல்லிய குரல் ஒன்று ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. அடுத்துத் தமிழ்வாணனைக் கூப்பிட்டாள். சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று தரையில் கரகரவென்று உருண்டது. பிறகு தடித்த குரல் வந்தது. பாஞ்சாலியைக் கூப்பிட்டதும் நாற்காலி மறுபடி உருண்டது. ஐந்தாவது பெயருக்குள் அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கியது.

ஷப்ரீன் மற்ற பெயர்களைக் கூப்பிடவில்லை. இருப்பது ஒரே ஆள் என்றால், அது தன் பெயரில் வாயே திறக்காத அந்த ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

“சசிரேகா, நீ மட்டுந்தானே இருக்கிற?”

நாற்காலி அசையவில்லை.

“எஸ் மேடம்.” அதற்கப்புறம் அணை உடைந்தது. “மத்தவங்கல்லாம் ரெண்டாவது மாசமே நின்னுட்டாங்க மேடம். அட்டெண்டன்ஸ் போட்டுடுன்னு பாஸ்வேர்டக் குடுத்துட்டுப் பூட்டாங்க. எனுக்கு தை மாசம் மெட்ராஸ்ல ஆஸ்பத்திரி இன்டர்வியூ கீது. கிளாஸ மூடிட்டா எனுக்கு யாரு சொல்லிக்குடுப்பாங்க? அதான் நாலு கம்ப்யூட்டர்ல மாறி மாறி உக்காந்துக்கினு...”

கோபம்தான் முதலில் வந்தது. பின்னாலேயே அழுகை வந்தது. கடைத்தெருவில் நடந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் இல்லாமல் போய்விட்டார்கள். மார்த்தாள் போனதுதான் ஷப்ரீனுக்குத் தாங்கவில்லை.

“மொதல்ல பேஷண்ட் பேரக் கேக்கணும்னு சொன்னது?”

“நாந்தான் மேடம்.”

“கெழவர சிரிக்கவச்சது?”

“அதுவும் நாந்தான்.”

“அப்ப உன் பேர்ல ஏன் ஒண்ணுமே சொல்லல?”

“தப்பாப் பூட்டா?”

“மார்த்தாள் பேர்ல தப்பாப் போனா மட்டும்?”

“அது மார்த்தாளு சொன்ன தப்பு மேடம். என்து இல்ல.”

நான்கு மணிக்குள் வருகைப் பட்டியல் அனுப்பவேண்டும். வகுப்பு தொடங்கும்போதே பன்னிரண்டு பெயருக்கும் போட்ட குறியை அப்படியே விட்டால் வகுப்பு பிழைக்கும், வேலையும் பிழைக்கும். சசிரேகாவும் பதினோரு பெயர்களுக்குப் பின்னால் தை மாசம் வரை சௌகரியமாக ஒளிந்திருப்பாள். சென்னைக்கு அந்தப் பதினோரு பேரையும் அவளால் கூட்டிப்போக முடியாதே. ஷப்ரீன் சசிரேகாவை விட்டுவிட்டு ஒவ்வொரு பெயராகக் குறியை எடுத்தாள். மார்த்தாளிடம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதையும் எடுத்து அனுப்பிவிட்டாள்.

“உன் ஒரு பேரத்தான் அனுப்பியிருக்கேன்.”

“கிளாஸ் பூடுமே மேடம்!”

“பூடும். எனக்கு வேலையும்தான். ஆனா கடை அத்தாவோடது. மூணு மணிக்கு நான் இங்கதான் இருப்பேன், நீயும் லைன்ல வந்துடு. இப்ப ரெண்டாம் நம்பர் பெட்டுப் பேஷண்ட எங்கிட்ட ஒப்படை.”

தடிக்காமல், மெலியாமல், ஷப்ரீன் அதுவரை கேட்டிராத ஒரு சாதாரணக் குரல் ஆங்கிலத்தில் புறப்பட்டது. காய்ச்சலைச் சொன்னது, கொடுத்த மருந்தைச் சொன்னது, கொடுத்த நேரத்தை மாற்றிச் சொல்லி அப்படியே நின்றுபோனது.

“தப்பாப் பூட்ச்சி மேடம்.”

“யாரு சொன்ன தப்பு?”

“என்து மேடம்,” என்ற சசிரேகா, யாரும் சொல்லாமலே முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.